பற்றவைத்துக் காட்டிவிட்டுக் கொடுங்கள்

வில்லியனூர், பாகூர் கொம்யூன் ஊர்களில் ஓய்வு நேரத்தில் பழைய கேஸ் அடுப்புகளைத் தேற்றி விற்கும் தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும்,



உங்களில் சிலரை முகம் பார்த்துத் தெரியும். பலரை நீங்கள் விற்ற அடுப்பு வழியாகத்தான் தெரியும். சேதராப்பட்டிலோ மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையிலோ ஷிப்ட் முடித்து வந்து, திண்ணையில் பழைய பேப்பரை விரித்து, ஸ்பேனரும் கம்பி பிரஷ்ஷுமாக உட்கார்ந்துவிடுகிறீர்கள். பழைய இரும்புக் கடையில் எடைக்கு எடுத்தது, காந்தி வீதி சண்டே மார்க்கெட்டில் பேரம் பேசி வாங்கியது, கண்ணாடி அடுப்பு வாங்கிய பக்கத்து வீட்டு அக்கா "எடுத்துட்டுப் போப்பா, இடத்த அடைக்குது" என்று கொடுத்தது என்று எல்லாம் உங்கள் வாசலில் வந்து சேர்கின்றன. மாதத்துக்கு ஒன்றிரண்டு விற்றால் பெட்ரோல் செலவுக்கு ஆகும். ஆனால் பெட்ரோல் செலவுக்காக மட்டும் யாரும் ராத்திரி பதினோரு மணிவரை பர்னர் தேய்த்துக்கொண்டிருக்க மாட்டார்கள். அதில் ஒரு ருசி இருக்கிறது. எனக்கும் அது தெரியும்.

நான் ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படித்து, தொழிற்சாலைப் பராமரிப்பில் வேலை பார்த்து, ஓய்வுபெற்று வில்லியனூரில் இருப்பவன். கை சும்மா இருக்காது. அக்கம்பக்கத்து அடுப்புகளைச் சரிசெய்து கொடுப்பேன், விற்பதில்லை. அப்படி என்னிடம் வருபவற்றில் உங்களிடம் வாங்கிய அடுப்புகளும் உண்டு. அவற்றைப் பிரித்துப் பார்த்ததால்தான் இந்த மடல்.

உங்கள் பஃபிங் வேலையைக் குறை சொல்லவே முடியாது. பத்து வருட எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய ஸ்டீல் தட்டை முகம் பார்க்கிற மாதிரி ஆக்கிவிடுகிறீர்கள். புது நாப், புது ரப்பர் கால், பாத்திரம் வைக்கும் ஸ்டாண்டுக்குப் புது எனாமல். கடையில் நிற்கும் புது அடுப்புக்குப் பக்கத்தில் வைத்தால் வித்தியாசம் தெரியாது. குப்புறக் கவிழ்த்தால் தெரிகிறது. அடியில் கேஸும் காற்றும் கலக்கும் மிக்சிங் டியூப் துருவோடு அப்படியே இருக்கிறது. ஜெட்டைக் கழற்றிய அடையாளமே இல்லை. நாப் புதிது, அதற்குள் இருக்கும் காக் பழசு. வாங்கிப்போனவர் அந்த அடுப்பின் மேல்பக்கத்தில் சமைக்கப் போவதில்லை, தம்பிகளே. அடிப்பக்கம் கொடுக்கிற தீயில்தான் சமைக்கப் போகிறார்.

ஜெட் விஷயத்தையே எடுத்துக்கொள்வோம். விரல் நுனியளவு பித்தளைத் துண்டு, நடுவில் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த ஓட்டை. வீட்டு ரெகுலேட்டர் விடுகிற கேஸின் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 30 கிராம்தான். அந்த மெல்லிய அழுத்தத்துக்கு ஏற்றபடிதான் ஓட்டையின் அளவைத் தீர்மானித்திருக்கிறார்கள். அடைத்துக்கொண்டால் உடனே ஊக்கையோ தையல் ஊசியையோ எடுத்துக் குத்துகிறோம். பித்தளை மென்மையான உலோகம், ஊசி எஃகு. ஓட்டையின் விட்டம் பத்தில் ஒரு பங்கு பெருத்தால் கேஸ் போகும் பரப்பு ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கூடிவிடும், 1.1 பெருக்கல் 1.1 என்று போட்டுப் பாருங்கள், 1.21 வரும். கேஸ் கூடினால் அதற்கேற்ற காற்றும் வேண்டும், அது வராது. தீ மஞ்சளாகும், பாத்திரத்தின் அடியில் கரி பிடிக்கும், 14.2 கிலோ சிலிண்டர் முன்னைவிடச் சீக்கிரம் தீரும். "செகண்ட் ஹேண்ட் அடுப்பு கேஸக் குடிக்குது" என்று ஊரில் சொல்வதில் பாதி இந்த ஊசியின் வேலை. ஐ.எஸ். 4246 என்ற இந்தியத் தரநிலைப்படி வீட்டு கேஸ் அடுப்பின் வெப்பத்திறன் குறைந்தது 68 சதவீதம் இருக்க வேண்டும். அதாவது எரிகிற கேஸின் சூட்டில் மூன்றில் இரண்டு பங்காவது பாத்திரத்துக்குப் போக வேண்டும். குத்திப் பெருக்கிய ஜெட்டை வைத்துக்கொண்டு அந்த அளவை எட்ட முடியாது.

ஆகவே ஜெட்டைக் குத்தாதீர்கள். மண்ணெண்ணெயில் ஊறவைத்து, பின்பக்கமாகக் காற்று அடித்துப் பாருங்கள். போகவில்லையென்றால் புதுசு போடுங்கள். ஒரு டீ, வடைக்கு ஆகிற காசுக்கு மேல் போகாது. பெரிய பர்னருக்குப் பெரிய ஜெட், சின்ன பர்னருக்குச் சின்ன ஜெட். இரண்டும் ஒரே சைஸ் என்று கடைக்காரர் சொன்னால் வேறு கடைக்குப் போங்கள். சென்னைப் பக்கமிருந்து குழாய் கேஸுக்கு மாற்றிய அடுப்பு கையில் கிடைத்தால் இன்னும் கவனம். குழாயில் வருவது மீத்தேன். அதே அளவு வெப்பம் தர அதிக கேஸ் போக வேண்டும் என்பதால் அதன் ஜெட் ஓட்டை பெரியது. அதை அப்படியே சிலிண்டரில் மாட்டினால் தீ வடசட்டியைத் தாண்டி மேலே வரும்.

பர்னரைச் சுத்தம் செய்ய பாத்ரூம் ஆசிட்டில் போட்டு எடுக்கும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. ஐந்து நிமிடத்தில் தங்கமாகிவிடும், பார்க்க நன்றாகத்தான் இருக்கும். அந்த ஆசிட் பித்தளையில் உள்ள துத்தநாகத்தைத் தின்றுவிடும். ஸ்டீல் தட்டில் பட்டால் கண்ணுக்குத் தெரியாத குழிகள் விழுந்து, இரண்டு மழைக்காலம் போனதும் அங்கேயே துரு கிளம்பும். நம் வீட்டுப் பெண்கள் பித்தளைக் குடத்துக்குப் புளி போட்டார்களே, அது போதும். ராத்திரி புளித்தண்ணீரில் போட்டு, காலையில் தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவி, வெயிலில் காயவையுங்கள்.

இப்போது வெள்ளத்து அடுப்புகள். இதைச் சொல்லத்தான் முக்கியமாக எழுத உட்கார்ந்தேன்.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் நம்மை ஒட்டிக் கரையைக் கடந்தது. புதுச்சேரியில் 24 மணி நேரத்துக்குள் 46 சென்டிமீட்டருக்கு மேல் மழை. அது வடிவதற்குள் சாத்தனூர் அணையில் திறந்த தண்ணீர் தென்பெண்ணையில் வந்து பாகூர்ப் பக்கத்து ஊர்களுக்குள் புகுந்தது. இந்தப் பக்கம் சங்கராபரணி பெருகியது. ரேஷன் அட்டைக்கு 5000 ரூபாய் நிவாரணம் என்று அரசு அறிவித்தது. பாய், தலையணை, பிள்ளைகளின் புத்தகம் என்று அந்தப் பணம் எங்கெங்கோ போயிருக்கும். நனைந்த அடுப்புகளில் பல அதன்பின் பழைய இரும்புக் கடைகளுக்குப் போயின. மலிவாகக் கிடைத்தவை என்பதால் உங்கள் கைக்கு வந்ததும் அவைதான். இன்னும் சிலருடைய கொட்டகையில் அடுக்கிக் கிடக்கின்றன.

மழையில் நனைந்த அடுப்பு வேறு, ஆற்றுத் தண்ணீர் நின்ற அடுப்பு வேறு. மழைத்தண்ணீர் காய்ந்துவிடும். ஆற்றுத் தண்ணீர் வண்டலை விட்டுவிட்டுப் போகும். தென்பெண்ணை வண்டல் நெல்லுக்கு நல்லது, கேஸ் காக்குக்கு எமன். காக்குக்குள் கூம்பு வடிவில் ஒரு பித்தளைத் திருகு, அதே கூம்பு வடிவ உறைக்குள் திரும்பும். இரண்டுக்கும் நடுவே மெல்லிய கிரீஸ் படலம். அந்தப் படலம்தான் கேஸை நிறுத்துகிறது. அதில் வண்டல் துகள் புகுந்தபின் நாப்பைத் திருப்பத் திருப்ப இரண்டு பக்கமும் கீறிக்கொள்ளும். முதல் மாதம் ஒன்றும் தெரியாது. அப்புறம் மூடிய நாப்பிலும் கசியும். உப்புக்காகிதம் போட்டுத் தேய்த்தால் சரியாகிவிடும் என்று ஒருவர் என்னிடம் சொன்னார். அந்தத் திருகையும் உறையையும் ஒன்றோடொன்று தேய்த்துச் சோடியாகத்தான் செய்திருப்பார்கள். ஒன்றின் திருகை இன்னொன்றின் உறையில் போட முடியாது, உப்புக்காகிதம் போட்டால் சோடி கெட்டுவிடும். தேங்காய் எண்ணெய், சைக்கிள் கிரீஸ் இதெல்லாம் சூட்டில் உருகி ஓடிப்போகும். வெள்ளத்தில் மூழ்கிய அடுப்பா, காக்கை முழுசாக மாற்றுங்கள். அந்தச் செலவுக்குக் கட்டாது என்றால் அந்த அடுப்பை எடைக்குப் போடுங்கள்.

மிக்சிங் டியூப் நல்ல இரும்பாக இருந்தால் கழற்றி, நீளக் கம்பியில் துணி சுற்றி உள்ளே விட்டு எடுங்கள். வண்டல் மட்டும்தான் வரும் என்றில்லை. நம் பக்கத்துக் குளவிக்கு அந்த டியூப் அளவெடுத்துச் செய்த வீடு. ஆறு மாதம் கொட்டகையில் கிடந்த அடுப்பில் மண்ணைப் பூசிக் கூடு கட்டி வைத்திருக்கும். கரப்பான் முட்டையும் உண்டு. கூடு பாதி அடைத்த டியூபில் காற்றும் கேஸும் சரியாகக் கலக்காது; சில சமயம் தீ பர்னருக்கு மேலே எரியாமல் பின்வாங்கி ஜெட் வாயில் எரியும். "புஸ்" என்று சத்தம் வந்து, நாப் சூடாவது அப்படித்தான். அமெரிக்காவில் கொல்லைப்புறத்தில் வைத்துக் கறி வாட்டும் கேஸ் கிரில்களை வாங்கிச் சரிசெய்து விற்பது பெரிய பொழுதுபோக்கு. வெபர் கம்பெனி 1985இல் கொண்டுவந்த ஜெனிசிஸ் மாடல்களை இன்றும் தேடிப்பிடித்துத் தேற்றுகிறார்கள். அவர்களுக்கும் முதல் எதிரி இதே மாதிரிப் பூச்சிதான். அங்கே சிலந்தி, இங்கே குளவி. நரம்பை, பன்னித்திட்டு போன்ற கடலோர ஊர்களிலிருந்து வரும் அடுப்பில் உப்புக்காற்று சேர்ந்து வேலை செய்திருக்கும். டியூபை விரலால் தட்டிப் பாருங்கள், சுத்தியால் வேண்டாம். துரு செதிலாக உதிர்ந்தால் அதற்குப் பிறகு பெயிண்ட் அடித்து மறைப்பதில் என்ன இருக்கிறது?

கண்ணாடி அடுப்பு வைத்திருப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அந்தக் கண்ணாடி சூடேற்றிச் சட்டென்று குளிர்வித்து வலுவேற்றிய டஃபண்டு கண்ணாடி. செய்தபிறகு வெட்டவோ துளையிடவோ முடியாது. ஓரத்தில் ஒரு சில்லு பெயர்ந்திருந்தாலும் எந்த நேரமும் முழுக்கச் சிதறலாம். உடைந்த கண்ணாடிக்குப் பதிலாக ஜன்னல் கண்ணாடிக் கடையில் வெட்டி வாங்கிப் பொருத்திய அடுப்பு ஒன்று என்னிடம் வந்தது. வேலைப்பாடு சுத்தம், சிலிக்கான் கூட அழகாக இழுத்திருந்தார்கள். சாம்பார் பொங்கி விழுந்திருந்தால் அந்த வீட்டுக் குழந்தையின் முகத்தில் கண்ணாடி தெறித்திருக்கும். யார் செய்தது என்று நான் விசாரிக்கவில்லை. செய்தவர் இதைப் படித்தால் போதும்.

கிரில் சிக்கன் மெஷினைப் பற்றியும் கேட்கிறார்கள். விழுப்புரம் ரோட்டிலும் கடலூர் ரோட்டிலும் கிரில், ஷவர்மா கடைகள் வந்த வேகத்தில் சில மூடியும் விடுகின்றன. கோழி சுற்றும் அந்தக் கண்ணாடிப் பெட்டி பாதி விலைக்கும் குறைவாகக் கிடைக்கிறது. கைவேலைக்காரனுக்கு ஆசை வரத்தான் செய்யும். வேண்டாம் என்பதுதான் என் பேச்சு. அதில் பலவற்றில் பர்னர் நாம் பார்க்கிற வட்டப் பித்தளை இல்லை; நூற்றுக்கணக்கான பொடித் துளைகள் போட்ட பீங்கான் தகடு. தகட்டில் தலைமுடி அளவு விரிசல் இருந்தால் தீ உள்ளே இறங்கிவிடும். அது ஓடுவது 19 கிலோ வணிக சிலிண்டரில், பெரும்பாலும் அழுத்தம் கூடின ரெகுலேட்டரோடு. அதை வீட்டு சிலிண்டரில் ஓட்டிக் காட்டுவது சட்டப்படியும் தப்பு. ஓட்டல் கிச்சன் மெக்கானிக்குகள் இருக்கிறார்கள், அது அவர்கள் தொழில்.

உங்களிடம் வாங்குவது யார் என்று யோசித்ததுண்டா? புது அடுப்பு வாங்கக் கையில் பணம் உள்ளவர் உங்கள் திண்ணைக்கு வரமாட்டார். கரும்பு வெட்டப் போகும் குடும்பம், தனிக்குடித்தனம் போன புதுச் சோடி, தொழிற்பேட்டையில் வேலை பார்க்க பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து ஒரே அறையில் ஆறு பேராகத் தங்கியிருக்கும் பையன்கள். அந்தப் பையன்களில் பலர் 5 கிலோ சிலிண்டரில் சமைக்கிறார்கள். தமிழ் தெரியாது, "சப் டீக் ஹை?" (எல்லாம் சரியா?) என்று கேட்பார்கள், நீங்கள் தலையாட்டுவீர்கள். அந்த அறையில் ஜன்னல் ஒன்றுதான் இருக்கும், அதையும் கொசுவுக்காக மூடியிருப்பார்கள். கேஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையில் படரும். அவர்கள் பாய் விரித்துப் படுப்பதும் தரையில்தான்.

நம் கொம்யூன்கள் தமிழ்நாட்டு ஊர்களுக்கு நடுவே துண்டு துண்டாகக் கிடப்பவை. அதனால் நம் பக்கம் வரும் அடுப்புகளுக்குத் தனிச் சரித்திரமே உண்டு. 2006 தேர்தலில் தி.மு.க. வாக்குறுதி கொடுத்து, அடுத்த ஆண்டு முதல் தமிழ்நாட்டில் ஏழைக் குடும்பங்களுக்குக் கேஸ் இணைப்போடு இலவச அடுப்பு கொடுத்தார்கள். கடலூர், விழுப்புரம் மாவட்டத்துப் பெண் நம் ஊருக்கு மருமகளாக வரும்போது அம்மா வீட்டு அடுப்பும் கூடவே வந்திருக்கிறது. எல்லைக் கோடு அடுப்புக்குத் தெரியாது. பிறகு 2016இல் மத்திய அரசின் உஜ்வாலா திட்டம், 2021இல் அதன் இரண்டாம் கட்டம்; அந்த இரண்டாம் கட்டத்தில் அடுப்பும் இலவசம். இலவச அடுப்பு என்றால் மட்டம் என்று நினைக்காதீர்கள். ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். முத்திரை உள்ள சாதாரண அடுப்பு, முத்திரை இல்லாத மினுக்கு அடுப்பைவிட மேல். முத்திரைத் தகட்டை பஃபிங்கில் தேய்த்து அழித்துவிடாதீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். அப்படி அழித்ததை ஒன்றுக்கு மேற்பட்ட அடுப்பில் பார்த்திருக்கிறேன். ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள அடுப்பையும் டியூபையும்தான் பயன்படுத்த வேண்டும் என்று எண்ணெய் நிறுவனங்கள் வற்புறுத்துகின்றன. விபத்து ஏதாவது நடந்தால் முதலில் தேடுவது அந்த முத்திரையைத்தான்.

சிலிண்டரில் மாட்டும் பழைய டியூபை அடுப்போடு சேர்த்து "ஃப்ரீ" என்று கொடுக்காதீர்கள். அந்தப் பச்சை ரப்பர் டியூபின் காலம் போய்விட்டது. உள்ளே கம்பிப் பின்னல் உள்ள ஆரஞ்சு நிற சுரக்ஷா டியூப்தான் வேண்டும். அதற்கும் ஆயுள் ஐந்து வருடம், தேதி அதன் மேலேயே இருக்கும். ஏஜென்சியில் புதுசு வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள். சிலிண்டர் தரையில், அடுப்பு அதைவிட உயரமான மேடையில். டியூப் ஒன்றரை மீட்டருக்கு மேல் நீளக்கூடாது. கசிவு நாற்றம் வந்தால் 1906க்கு ஃபோன் செய்யவும் என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுங்கள். சொன்னால் மறந்துவிடும்.

விலை பேசி முடித்ததும் அடுப்பைத் துணியில் சுற்றிக் கொடுத்துவிடும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். வாங்க வந்தவரை உட்காரவைத்து, உங்கள் சிலிண்டரிலேயே மாட்டி, நாப்பெல்லாம் மூடியிருக்கும்போது ரெகுலேட்டரைத் திறந்து, இணைப்புகளிலும் காக்கிலும் சோப்புத் தண்ணீர் தடவிக் காட்டுங்கள். குமிழி வருகிறதா என்று அவரே பார்க்கட்டும். தீக்குச்சியைக் கொளுத்திக் கசிவு பார்க்கும் வீரமெல்லாம் வேண்டாம். பிறகு பற்றவையுங்கள். இரண்டு பர்னரிலும் தீ நீலமாக, எல்லாத் துளையிலும் ஒரே உயரத்தில் நிற்கிறதா, சிம்மில் வைத்தால் அணையாமல் நிற்கிறதா என்று காட்டுங்கள். ஒரு சின்னப் பாத்திரத்தில் தண்ணீர் கொதிக்கவைத்து அதில் டீ போட்டுக் கொடுத்தால் இன்னும் நல்லது. கால் மணி நேர வேலை. எந்த பார்ட்ஸ் புதிது, எது பழசு என்று ஒரு தாளில் எழுதித் தேதி போட்டுக் கையெழுத்திடுங்கள். சந்தையில் மாடு வாங்குகிறவர் பல்லைப் பிடித்துப் பார்க்காமல் வாங்குவாரா? அடுப்பு வாங்குகிறவருக்கு எதைப் பார்ப்பது என்று தெரியாது, நீங்கள்தான் காட்ட வேண்டும்.

இவ்வளவும் செய்தால் விலை கூடுமே, விற்காதே என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. கூடும். ஜெட் இரண்டு, காக் இரண்டு, கேஸ்கெட், கிரீஸ் என்று எல்லாம் சேர்த்தால் உங்கள் லாபத்தில் பாதி போய்விடும். பஃபிங்கைக் குறையுங்கள். நேரமும் பணமும் அதில்தான் அதிகம் போகிறது. கொஞ்சம் கீறல் இருந்தால் இருக்கட்டும், சாம்பார் ருசி கெடாது. இன்னொன்று, பெரிய கம்பெனி மாடல்களைவிட உள்ளூர்த் தயாரிப்பு அடுப்புகளைத் தேற்றுவது சுலபம். அவற்றின் காக், ஜெட், பர்னர் எல்லாம் ஏறக்குறைய ஒரே வார்ப்பு, எந்த ஹார்டுவேர் கடையிலும் கிடைக்கும். மத்திய அரசு 2022இல் பழுதுபார்க்கும் உரிமை என்று ஒரு குழு போட்டு, அந்த ஆண்டு டிசம்பரில் அதற்கென இணையதளமும் திறந்தது. வீட்டு உபயோகப் பொருட்களும் அதில் ஒரு பிரிவு. அடுப்புக் கம்பெனிகள் பழைய மாடலுக்கு உதிரிபாகம் தர வேண்டும் என்று நீங்கள் பத்துப் பேர் சேர்ந்து எழுதிக் கேட்டால் தப்பில்லை.

கடைசியாக, தேறாத அடுப்புகள். பழைய இரும்புக் கடையில் அடுப்பு வந்ததும் முதலில் பர்னரைக் கழற்றித் தனியாக வைத்துவிடுகிறார்கள்; பித்தளை விலை இரும்பைவிடப் பல மடங்கு. அதனால்தான் நல்ல உடம்புள்ள அடுப்பு பர்னர் இல்லாமல் உங்களிடம் வருகிறது, நீங்களும் கனமில்லாத பர்னரை வாங்கிப் பொருத்துகிறீர்கள். உங்களிடம் தேறாமல் போகும் அடுப்பின் கனத்த பழைய பர்னர்களை எடைக்குப் போடாமல் எடுத்து வையுங்கள். பாகூரில் ஒருவரிடம் இருப்பது வில்லியனூரில் ஒருவருக்குத் தேவைப்படும். நான் ஒரு பெட்டியில் சைஸ் வாரியாகச் சேர்த்து வைத்திருக்கிறேன், ஜெட் ஓட்டை அளக்கும் கம்பி செட் ஒன்றும் இருக்கிறது. கம்பி அளக்க மட்டும்தான், குத்துவதற்கு இல்லை. திருக்காமீசுவரர் கோயில் பக்கம் வந்து பழைய ஃபிட்டர் வீடு எது என்று கேட்டால் காட்டுவார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் வராதீர்கள், நானும் சண்டே மார்க்கெட்டில்தான் இருப்பேன்.

அன்புடன்,
வில்லியனூர் ஃபிட்டர் ஒருவர்